சாப்பிட்டதெல்லாம் உடம்பில் ஒட்டுகிறதா?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 63. பர்மாவின் பெகு நகரில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். 18 வருடங்களுக்கு முன்பு காவடி எடுத்ததிலிருந்து சுத்த சைவம், முட்டைகூடத் தொடுவதில்லை. வயிறு உப்புகிறது என்று பாலையும் தயிரையும் விட்டுவிட்டார். 11 வருடங்களாகச் சர்க்கரை நோய். காலையும் மாலையும் மெட்ஃபார்மின் 1000 மில்லிகிராம் சாப்பிடுகிறார். நெஞ்செரிச்சலுக்கு மூன்று வருடங்களாக ஓமெப்ரசோல். ஆறு மாதமாகக் கடன் கணக்கு மறந்துபோகிறது. சிடுசிடுக்கிறார். உள்ளங்காலில் எறும்பு ஊர்வது போலிருக்கிறதாம். மலச்சிக்கலும் உண்டு. ‘குடல்தான் இரண்டாம் மூளை, குடலைச் சரிசெய்தால் மறதி போய்விடும்’ என்று தொலைபேசியில் ஒரு வீடியோ பார்த்துவிட்டு, என் மகன் பாங்காக்கிலிருந்து நல்ல பாக்டீரியா மாத்திரை வரவழைத்திருக்கிறான். சைவர்களுக்கு வைட்டமின் பி12 இதிலிருந்து கிடைக்கும் என்று கடைக்காரர் சொன்னதால் ஸ்பைருலினா என்ற பாசியும் கொடுக்கிறோம். இவை போதுமா? வேறு என்ன உணவு கொடுக்க வேண்டும்? இன்னொன்று: தம்பி மனைவிக்குக் குழந்தை பிறந்து 20 நாளாகிறது. அம்மா அவளுக்கு வெள்ளைச் சோறும் மிளகு ரசமும் மட்டுமே பத்தியமாகக் கொடுக்கிறார். அது சரிதானே?

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தின் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். போகிறபோக்கில் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் அதற்குத்தான் அவசரம் அதிகம்.

அந்தப் பத்தியத்தை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். உங்கள் அம்மாவின் மேல் குறை சொல்லவில்லை. பிள்ளை பெற்றவளின் வயிறு நோகக்கூடாது என்ற அன்பில் பிறந்த வழக்கம் அது. ஆனால் வெள்ளை வெளேரென்று தீட்டிய அரிசியில் வைட்டமின் பி1 என்கிற தயாமின் மிகக் குறைவு. இருக்கிற கொஞ்சமும் அரிசியை நாலு தண்ணீர் கழுவும்போதும் கஞ்சி வடிக்கும்போதும் போய்விடுகிறது. இந்தச் சத்தை உடம்பு சேமித்து வைப்பதும் இல்லை. இரண்டு மூன்று வாரத்துக்கான இருப்பே இருக்கும். தாயிடம் தீர்ந்தால் தாய்ப்பாலிலும் தீரும். பால் நன்றாகச் சுரக்கும், குழந்தையும் குடிக்கும், எடைகூட ஏறும். திடீரென ஒரு நாள் குழந்தையின் அழுகைக்குச் சத்தம் வராது. வாய் அழும், குரல் இருக்காது. வாந்தி, மூச்சிரைப்பு, பிறகு இதயம் தளர்ந்துபோகும். பெரிபெரி என்ற இந்த நோய் பர்மாவில் எத்தனையோ கைக்குழந்தைகளைக் கொண்டுபோயிருக்கிறது. பெரும்பாலும் பிறந்த முதல் சில மாதங்களுக்குள்தான் வருகிறது.

ஆகவே தம்பி மனைவிக்கு இன்றிலிருந்து பாசிப்பயறு, துவரம்பருப்பு, நிலக்கடலை, கீரை எல்லாம் கொடுங்கள். அசைவம் உண்பவராக இருந்தால் மீனும் முட்டையும் சேருங்கள். பி1 மாத்திரை விலை மலிவு; பிரசவித்த தாய்க்கு அதைக் கொடுப்பது நம் நாட்டில் நெடுநாள் நடைமுறை. பக்கத்துச் சுகாதார நிலையத்தில் கேட்டு, அவர்கள் சொல்லும் அளவில் கொடுங்கள். சாப்பாட்டோடு கெட்டித் தேநீர், லபெட் என்கிற புளிக்கவைத்த தேயிலை, சாப்பிட்டவுடன் வெற்றிலைபாக்கு ஆகிய மூன்றையும் இப்போதைக்கு விலக்கி வையுங்கள். தேயிலையிலும் பாக்கிலும் உள்ள துவர்ப்புப் பொருள்கள் தயாமினை வயிற்றிலேயே பயனற்றதாக்கிவிடும். குழந்தையின் குரல் கம்மினாலோ, பால் குடிக்க மறுத்து வேகமாக மூச்சு வாங்கினாலோ விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அந்த நேரமே மருத்துவமனைக்குப் போய், ‘தாய் வெறும் சோறுதான் சாப்பிட்டிருக்கிறாள்’ என்ற ஒரு வாக்கியத்தை மறக்காமல் சொல்லுங்கள். காரணம் இதுவாக இருந்தால் தயாமின் ஊசி போட்ட சில மணி நேரத்திலேயே குழந்தை தெளிவதைப் பார்க்கலாம்.

இது இதயத்தோடு முடிவதும் இல்லை. 2003-ல் இஸ்ரேலில் ஒரு சோயாப் பால்மாவில் தயாமின் இல்லாமல் போய்விட்டது. அதைக் குடித்த குழந்தைகள் சிலர் இறந்தார்கள். நோய் வெளியே தெரியாமல் தப்பியவர்கள் என்று எண்ணப்பட்ட குழந்தைகளில்கூடப் பலருக்குப் பிறகு பேச்சும் மொழியும் வளர்வதில் குறை தெரிந்தது. சர்க்கரையை எரித்து ஆற்றலாக்க மூளைக்குத் தயாமின் வேண்டும். வளரும் மூளையால் சில வாரங்கள்கூட அதில்லாமல் இருக்க முடியாது.

இந்த இடத்தில் நம் முன்னோரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். நெல்லை ஊறவைத்து அவித்துக் குத்தும்போது தவிட்டில் உள்ள தயாமின் அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. 1905-ல் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் வில்லியம் ஃபிளெட்சர் என்ற மருத்துவர் நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்குத் தீட்டிய பச்சரிசியும் மற்றதற்குப் புழுங்கல் அரிசியும் கொடுத்துப் பார்த்தார். பச்சரிசிப் பிரிவில் பலருக்குப் பெரிபெரி வந்து 18 பேர் இறந்தார்கள். புழுங்கல் அரிசி உண்டவர்கள் தப்பினார்கள். தமிழ்நாட்டிலிருந்து கப்பலில் வந்தவர்கள் புழுங்கல் அரிசிப் பழக்கத்தோடுதான் வந்தார்கள். இங்கே வந்த பிறகு பவ்சான் அரிசியின் மணத்திலும் மென்மையிலும் மனம் போய்விட்டது. எனக்கும் அது பிடிக்கும். ஆனால் வீட்டில் கர்ப்பிணியோ பிள்ளை பெற்றவளோ இருக்கும் மாதங்களிலாவது புழுங்கல் அரிசி கிடைத்தால் வாங்குங்கள். கிடைக்காவிட்டால் அரிசியை இரண்டு முறைக்கு மேல் கழுவாமல், வடிக்காமல் பொங்கிவிடுங்கள்.

இனி அப்பா.

நீங்கள் எழுதியதைப் படித்தபோது என் மனதில் முதலில் வந்தது பி12. இதை நோய் என்று முடிவு கட்டிச் சொல்லவில்லை. ரத்தப் பரிசோதனைதான் சொல்ல வேண்டும். ஆனால் சந்தேகப்பட உங்கள் கடிதத்திலேயே நாலு காரணம் இருக்கிறது.

பி12 தாவரங்களில் நம்பத்தக்க அளவில் இல்லை. இறைச்சி, மீன், முட்டை, பால் ஆகியவற்றில்தான் இருக்கிறது. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 2.4 மைக்ரோகிராம், ஒரு கடுகின் எடையில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்குதான். ஒரு டம்ளர் பாலில் சுமார் 1 மைக்ரோகிராம் கிடைக்கும். அப்பா சைவராக இருந்தபோதும் பாலும் தயிரும் அவரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தன. அந்தக் கதவையும் அவர் அடைத்துவிட்டார். கல்லீரலில் சில வருடங்களுக்கான இருப்பு இருக்கும் என்பதால் பாதிப்பு உடனே தெரியாது. மெல்ல மெல்ல வரும். வயதின் கோளாறு என்று வீட்டில் எல்லோரும் ஒதுக்கிவிடுவார்கள்.

அடுத்தது, உண்டது உள்ளே சேரும் வழி. நம் வீடுகளில் பெரியவர்கள் ‘எவ்வளவு சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டவில்லை’ என்பார்கள். மருத்துவப் புத்தகத்தில்கூட இவ்வளவு சரியாக எழுதியிருக்க மாட்டார்கள். உணவில் உள்ள பி12 புரதத்தோடு இறுகிக் கிடக்கும். அதைப் பிரித்தெடுக்க வயிற்று அமிலம் வேண்டும். பிரிந்த பிறகு, வயிற்றுச் சுவர் சுரக்கும் ஒரு தனிப் புரதம் அதைக் கைப்பிடித்து அழைத்துப்போய், சிறுகுடலின் கடைசிப் பகுதியில் ரத்தத்திடம் ஒப்படைக்க வேண்டும். 1920-களின் பிற்பகுதியில் பாஸ்டனில் வில்லியம் காசல் என்ற மருத்துவர் இதைக் கண்டுபிடித்த விதம் எனக்கு எப்போதும் வியப்பு. கொடிய ரத்தசோகை நோயாளிகளுக்கு மாட்டிறைச்சி கொடுத்தும் பயனில்லை. அவர் தானே இறைச்சியைச் சாப்பிட்டு, ஒரு மணி நேரம் கழித்து அதைத் தன் வயிற்றிலிருந்து வெளியே எடுத்து, குழாய் வழியாக நோயாளிகளுக்குச் செலுத்தினார். அவர்கள் தேறினார்கள். குறை உணவில் இல்லை, அந்த வயிற்றில் இருந்தது என்று அப்போதுதான் புரிந்தது.

உங்கள் அப்பாவின் வயிற்றில் அமிலத்தை ஓமெப்ரசோல் மூன்று வருடங்களாகக் குறைத்து வைத்திருக்கிறது. சிறுகுடலின் கடைசிப் பகுதியில் பி12 ஏறுவதை மெட்ஃபார்மின் தடுக்கிறது; அளவு கூடக்கூட, வருடங்கள் கூடக்கூட இந்தத் தடை அதிகமாகும். அவர் நாளொன்றுக்கு 2000 மில்லிகிராம், 11 வருடங்களாகச் சாப்பிடுகிறார். இதைப் படித்துவிட்டு மெட்ஃபார்மினை நிறுத்திவிடாதீர்கள். நல்ல மருந்து அது, நிறுத்தினால் சர்க்கரை ஏறி நரம்பு இன்னும் கெடும். குறைகிற சத்தைத் திருப்பிக் கொடுத்தால் போதும். ஓமெப்ரசோல் இன்னும் தேவைதானா என்பதை மட்டும் மருத்துவரிடம் கேளுங்கள். எழுதிக்கொடுத்தவரே மறந்துபோய் வருடக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும் மருந்துகளில் அதுவும் ஒன்று.

பி12 குறைந்தால் நரம்பைச் சுற்றியுள்ள உறை பழுதாகும். உள்ளங்காலில் எறும்பு ஊர்வது, மறதி, சிடுசிடுப்பு, மனச்சோர்வு, நடையில் தள்ளாட்டம், நாக்கு எரிச்சல் எல்லாம் ஒரே வேரிலிருந்து வரலாம். சர்க்கரை நோயாலும் கால் மதமதக்கும் என்பதுதான் இதில் ஆபத்து. ‘சர்க்கரைதான், வேறென்ன’ என்று இரண்டாவது காரணத்தைத் தேடாமலே விட்டுவிடுகிறோம்.

ஆகவே அவரை ரங்கூனுக்கு ஒரு நாள் அழைத்து வாருங்கள். பெகுவிலிருந்து 50 மைல்தானே. ரத்தத்தில் பி12 அளவு, ரத்த அணுக்கள், மூன்று மாதச் சர்க்கரை அளவு, சிறுநீரகம், தைராய்டு ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். தைராய்டு சுரப்பி மந்தமானாலும் மறதியும் மலச்சிக்கலும் சேர்ந்தே வரும். சர்க்கரைக்கு வேறு மாத்திரையும் சேர்த்துச் சாப்பிடுகிறாரா, சர்க்கரை திடீரென இறங்கிக் குழம்புகிறாரா என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். பி12 அளவு மில்லிலிட்டருக்கு 200 பைக்கோகிராமுக்குக் கீழே இருந்தால் குறைபாடு என்றே கொள்வோம். 200-க்கும் 300-க்கும் நடுவே இருந்தால், இத்தனை அறிகுறிகள் உள்ளவருக்கு அது இயல்பு என்று விட்டுவிட மாட்டேன்.

ஒரு முக்கியமான வேண்டுகோள். ரத்தம் கொடுக்கும் வரை பி12 ஊசியோ சத்து மாத்திரையோ தொடங்காதீர்கள்; கணக்கு மாறிவிடும். ஃபோலிக் அமில மாத்திரையை மட்டும் தனியாகக் கொடுக்கவே வேண்டாம். அது ரத்தசோகையைச் சரிசெய்து எல்லாம் நலம் என்று காட்டும். உள்ளே நரம்பு தொடர்ந்து கெட்டுக்கொண்டிருக்கும்.

குறைபாடு உறுதியானால், நரம்பு அறிகுறிகள் இருப்பதால் மருத்துவர் முதலில் ஊசிதான் போடுவார். பிறகு தினம் 1000 மைக்ரோகிராம் மாத்திரையாகத் தொடரலாம். 2.4 வேண்டிய இடத்தில் 1000 எதற்கு என்று தோன்றும். வயிற்று அமிலமும் அந்தத் துணைப் புரதமும் இல்லாமலே சுமார் 100-ல் ஒரு பங்கு தானாக ஊறி உள்ளே போகும், அதற்காகத்தான் இவ்வளவு. மாத்திரையில் உள்ள பி12 பாக்டீரியாவிலிருந்து தயாரிக்கப்படுகிறது. விரதத்துக்கு அஞ்சும் அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள். ஜெலட்டின் உறை இல்லாத மாத்திரையாகப் பார்த்து வாங்கிவிட்டால் அவர் மனமும் அமைதியாகும்.

ஸ்பைருலினாவைப் பற்றி. சகாயிங் பகுதியில் ட்வின்தாவுங் என்ற எரிமலை ஏரியில் தானாகவே விளைகிற பொருள் அது. நம் நாட்டுக்கு அது பெருமைதான், புரதமும் உண்டு. ஆனால் அதில் பி12 என்று காட்டப்படுவதில் பெரும்பகுதி மனித உடம்புக்குப் பயன்படாத போலி வடிவம். அதை நம்பி உண்மையான பி12-ஐத் தள்ளிப்போடுவதுதான் கேடு. கடைக்காரர் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. புட்டியில் அப்படித்தான் அச்சிட்டிருப்பார்கள். நிறுத்திவிடுங்கள்.

உங்கள் மகன் தாத்தாவுக்காகத் தேடியிருக்கிறானே, அந்தப் பாசம் பெரிது. அவனிடம் அன்பாகச் சொல்லுங்கள், வீடியோவில் பாதி உண்மைதான். குடல் சுவரில் 10 கோடிக்கும் மேற்பட்ட நரம்பணுக்கள் இருக்கின்றன. மூளையையும் வயிற்றையும் இணைக்கும் வேகஸ் நரம்பில் பெரும்பாலான இழைகள் வயிற்றிலிருந்து மூளைக்குத்தான் செய்தி கொண்டுபோகின்றன. மனநிலையோடு தொடர்புடைய செரடோனின் என்ற பொருளில் 90 சதவீதத்துக்கும் மேல் குடலில் உண்டாவதும் உண்மை. ஆனால் அந்தச் செரடோனின் ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழைய முடியாது. மூளை தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொள்கிறது. குடலைக் கழுவினால் கவலை போகும், மாத்திரை போட்டால் நினைவு திரும்பும் என்று சொல்ல இதில் இடமே இல்லை.

அந்த மாத்திரை அப்பாவுக்குத் தீங்கு செய்யும் என்று நினைக்கவில்லை. ஆனால் புட்டியில் வருகிற பாக்டீரியா பெரும்பாலும் விருந்தாளி. மாத்திரையை நிறுத்திய சில நாளில் போய்விடும். நம் பெருங்குடலில் ஏற்கெனவே சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. அவற்றுக்குச் சோறு போடுவதுதான் நம் வேலை. நமக்குச் செரிக்காத நார்தான் அவற்றின் உணவு. அந்த நாரைப் புளிக்கவைத்து அவை உண்டாக்கும் சிறு கொழுப்பமிலங்களில் ஒன்றான பியூட்டிரேட், குடல் சுவரின் அணுக்களுக்கு முதன்மையான எரிபொருள். ஒரு நாளைக்கு 25 கிராம் நார் வேண்டும். உங்கள் அப்பா மூன்று வேளையும் சாப்பிடும் வெள்ளைச் சோற்றில் ஒரு கோப்பைக்கு ஒரு கிராம்கூட இல்லை. மலச்சிக்கலுக்கு அங்கேயே பாதிப் பதில் இருக்கிறது.

மீதிப் பதில் உங்கள் கடையிலேயே மூட்டையாக இருக்கிறது. நம் பர்மாவில் விளையும் உளுந்தும் துவரையும் கப்பலேறி இந்தியாவுக்குப் போகின்றன. அங்குள்ளவர்கள் அதில் இட்லியும் சாம்பாரும் செய்கிறார்கள். நாம் இங்கே ஒரு மலைச் சோற்றுக்கு ஒரு கரண்டி பருப்பு ஊற்றிக்கொள்கிறோம். அதைத் திருப்புங்கள். காலையில் தேநீர்க் கடையில் எண்ணெய்ப் பலகாரத்தோடு கட்டிப்பால் தேநீர் குடிக்கும் பழக்கம் இருந்தால், அதற்குப் பதில் பெப்யோ, அந்த முளைகட்டி அவித்த பட்டாணி, வெங்காயத்தோடு ஒரு கிண்ணம். ஒரு கோப்பை அவித்த கொண்டைக்கடலையில் 12 கிராம் அளவுக்கு நார் கிடைக்கிறது. கொண்டைக்கடலை மாவில் செய்யும் ஷான் டோஃபுவும் சைவருக்கு நல்ல புரதம். சோற்றைப் பாதியாக்கி, காலியான இடத்தில் புளிச்சகீரையோ முருங்கைக்கீரையோ வையுங்கள். சின்பாங் என்று பர்மியர்கள் விரும்பி உண்பதும் நம் புளிச்சகீரைதான்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்கினால் வயிறு உப்பி, அப்பா மறுநாளே கைவிட்டுவிடுவார். முதல் இரண்டு வாரம் ஒரு கைப்பிடிப் பயறு மட்டும். இரவு ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவையுங்கள். பிறகு மெல்லக் கூட்டுங்கள். தண்ணீர் அதிகம் குடிக்க வேண்டும். வயிறு இடம் கொடுத்தால் தயிரைச் சிறு கிண்ணமாகத் திரும்பத் தொடங்கலாம். பால் ஒத்துக்கொள்ளாத பலருக்கும் தயிர் ஒத்துக்கொள்ளும்; உறைய வைக்கும் பாக்டீரியாவே பால் சர்க்கரையில் ஒரு பகுதியைத் தின்றுவிடுகிறது.

இட்லி நல்லதா என்று அடுத்து கேட்பீர்கள். நல்லது. மாவு புளிக்கும்போது தானியத்தின் சத்து எளிதில் சேரும்படி ஆகிறது. ஆனால் ஆவியில் வேகும்போது பாக்டீரியா இறந்துவிடும். உயிருள்ள பாக்டீரியா வேண்டுமானால் தயிர், நீராகாரம், வேகவைக்காத கடுகுக்கீரை ஊறுகாய். நீராகாரத்தைக் கொதித்தாறிய தண்ணீரில் சுத்தமாகச் செய்யுங்கள்; அதிலுள்ள சோற்றையும் சர்க்கரைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஊறுகாயில் உப்பு அதிகம், தொட்டுக்கொள்ள மட்டும்.

கடைசியாக வல்லாரை. நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மறதி என்றதும் யாராவது சொல்லியிருப்பார்கள். பள்ளிப் பரீட்சை வந்தால் என் அம்மா அரைத்துக் கொடுத்த துவையலின் கசப்பு இன்னும் என் நாக்கில் இருக்கிறது. பர்மியர்களும் அதை மியின்குவா என்று வெங்காயம், வறுத்த நிலக்கடலை, எள், எலுமிச்சை சேர்த்துப் பிசைந்து தின்கிறார்கள். நினைவாற்றலுக்கு அது மருந்து என்று உறுதியாகச் சொல்லப் போதிய சான்று இல்லை. கீரையாக வாரம் இரண்டு மூன்று முறை தாராளமாகக் கொடுங்கள். சாறெடுத்த காப்ஸ்யூல் வேண்டாம், சிலருக்குக் கல்லீரலைப் பாதித்திருக்கிறது. ஈரமான வாய்க்கால் ஓரத்தில் படர்கிற கீரை என்பதால் ஓடும் தண்ணீரில் பலமுறை அலசுங்கள்.

ஊசி தொடங்கினால் சில வாரத்தில் முகத்தில் தெளிவு வரலாம். கால் மதமதப்பு குறைய மாதங்கள் ஆகும். நாள்பட்டுவிட்ட பாதிப்பு முழுவதும் திரும்பாமலும் போகலாம். ஆறு மாதம்தான் ஆகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால்தான் இந்த வாரமே அழைத்து வரச் சொல்கிறேன். அதுவரை கடன் கணக்கை அவரோடு உட்கார்ந்து நீங்களும் எழுதுங்கள், அவர் மனம் நோகாதபடி. ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் அந்தத் தாளில் உள்ள எண்களை அப்படியே எழுதி அனுப்புங்கள். குழந்தையின் எடையையும் அதே கடிதத்தில் எழுதுங்கள்.